கண் வைத்தவள்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரு ராணியின் முகத்தை நெயில் பாலிஷ் ரிமூவரால் உருக்கிவிட்டேன். கேட்டுப் பதற வேண்டாம். ராணி என் கட்டைவிரல் உயரம்தான் இருப்பாள், பிளாஸ்டிக். ஆனால் அவளால் எங்கள் முற்றத்தில் நடந்ததை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. சிவப்பு நெயில் பாலிஷ் புட்டியை யாராவது திறந்தால் நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன். அலர்ஜி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அப்போது நாங்கள் கொச்சி மட்டாஞ்சேரியில், சுக்குக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரே முற்றத்தைச் சுற்றியிருந்த நான்கு வாடகை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அப்பா ஓட்டலில் பரோட்டா போட்டார். அம்மா, நான், அப்பாவின் தங்கையான என் அத்தை. அத்தை கல்யாணமாகித் தென்காசிப் பக்கம் ஆறு வருஷம் இருந்துவிட்டு, ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள். ஏன் வந்தாள் என்று கேட்டதற்கு அம்மா, “அங்க தண்ணி சரியில்ல” என்றாள். மட்டாஞ்சேரியில் எங்கள் குழாயிலும் தண்ணீர் சரியில்லைதான், அதனால் நான் சுலபமாக நம்பிவிட்டேன். இரண்டு வருஷமாக அத்தைக்கு எங்கள் வீட்டுத் தண்ணீர் ஒத்துக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அத்தை அக்கரையில் பிராட்வே கடைத்தெருவில் ஒரு பியூட்டி பார்லரில் நகத்தில் படம் வரைகிற வேலை பார்த்தாள். சுண்டுவிரல் நகத்தில் ஒரு மயிலை உட்கார வைத்துவிடுவாள். மயிலின் கழுத்து வளைவுகூடத் தெரியும். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஒரு வாடிக்கைக்காரி, ஃபோர்ட் கொச்சியில் காப்பிக்கடை நடத்தும் தன் தம்பியிடம் அத்தையைக் கூட்டிப்போனாள். அந்தக் கடையில் பெரிய பெரிய ஆட்கள், மீசை வைத்தவர்கள், மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி விளையாடுவார்களாம். ஒருத்தர் மந்திரவாதி, ஒருத்தர் கள்ளன், ஒருத்தர் வீரன் என்று ஆளுக்கொரு வேஷம். அவரவர் வேஷத்துக்கு ஒரு சின்ன பொம்மை. பொம்மைகள் சாம்பல் நிறத்தில், ஒரு வர்ணமும் இல்லாமல் பெட்டியில் வரும். அவற்றுக்கு உயிர் கொடுக்கிற வேலை அத்தைக்கு வந்து சேர்ந்தது.

பார்லர்க்காரிக்குத் தெரிந்தால் சண்டைக்கு வருவாள் என்று வீட்டில் எல்லாருடைய வாயையும் அத்தை அடைத்து வைத்திருந்தாள். அவளுக்கு லீவு நாளென்றால் எங்கள் முன்கதவு மத்தியானம் முழுக்கச் சாத்தியே இருக்கும். ஈர வர்ணத்தில் தூசி ஒட்டும் என்பதும் ஒரு காரணம். காலி நெயில் பாலிஷ் புட்டிகளின் மூடிமேல் ஒவ்வொரு பொம்மையாக ஒட்டிவைத்து, புட்டியைப் பிடித்துத் திருப்பித் திருப்பி வரைவாள். முதலில் வெள்ளை. பிறகு சட்டை, தோல், வாள். அப்புறம் கறுப்பை நிறையத் தண்ணீர் விட்டுக் கலக்கி மேலே ஓட விடுவாள். மடிப்பிலெல்லாம் அது போய்த் தங்கியதும் பொம்மைக்கு விலா எலும்பும் கன்னக்குழியும் வந்துவிடும். எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் கண்.

“கண்ணு வைக்கிறேன், மூச்சு விடாத” என்பாள். நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். நாலே நாலு மயிர் கொண்ட ஒரு பிரஷ்ஷால் ஒரு வெள்ளைக் கீறல், அதன்மேல் ஒரு கறுப்புப் புள்ளி. அவ்வளவுதான், அதுவரை பிளாஸ்டிக்காக இருந்தது சட்டென்று நம்மைத் திரும்பிப் பார்க்கும். எத்தனை தரம் பார்த்தாலும் எனக்குத் தூக்கிவாரிப்போடும். வேறு எதை வேண்டுமானாலும் தொட அத்தை விடுவாள். கல்லுக்கும் புல்லுக்கும் நானே வர்ணம் அடித்திருக்கிறேன். கண் மட்டும் கூடாது. “கண்ணு நான்தான் வைப்பேன், கை வெச்சே, தோலை உரிச்சிடுவேன்” என்று சொல்லியிருந்தாள். எங்கள் வீட்டில் கண் வைப்பது என்ற பேச்சுக்கு இரண்டு வருஷமாக இந்த ஒரு அர்த்தம்தான் இருந்தது.

கூடாது என்றால் கை சும்மா இருக்குமா? அந்த முறை முப்பது எலும்புக்கூட்டு வீரர்களும் அவர்களுக்கு ஒரு ராணியும் வந்திருந்தார்கள். ராணி அப்படி ஓர் அழகு. கையில் விளக்கு, தரையில் புரளும் அங்கி. வரும்போதே உடைந்திருந்த கையை அத்தை மெல்லிய செம்புக் கம்பி வைத்து ஒட்டியிருந்தாள். உதட்டுச் சிவப்புகூட வைத்தாகிவிட்டது, கண் மட்டும் பாக்கி. அத்தை பார்லருக்குப் போயிருந்தாள், அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ராணிக்குக் கண் வைத்தேன்.

ஒரு கண் வடக்கே வைப்பின் தீவைப் பார்த்தது, இன்னொரு கண் தெற்கே பள்ளுருத்தியைப் பார்த்தது. அதோடு விட்டிருந்தால் திட்டோடு போயிருக்கும். நெற்றியில் ஒரு பொட்டு வைத்தால் கண் கோணல் தெரியாது என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. அத்தையின் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு சொட்டு வைத்தேன். அது பொட்டாக நிற்காமல் மூக்கு வழியாக இறங்கியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்களே, இங்கே குரங்காகவாவது நின்றிருக்கலாம். நகத்தில் பாலிஷ் கோணினால் அத்தை என்ன செய்வாள்? ரிமூவரைத் தொட்டுத் துடைப்பாள். நானும் கண் வைத்த பிரஷ்ஷையே ரிமூவரில் முக்கித் துடைத்தேன்.

ஐயோ, அந்தக் காட்சி! பாலிஷ் போனது, கூடவே முகமும் போனது. கன்னம் வெண்ணெய் மாதிரி இளகி மோவாயோடு சேர்ந்துகொண்டது. வாய் காதுவரைக்கும் இழுத்துக்கொண்டது. ஒரு கண் மட்டும் அப்படியே வழுக்கி, தாடைக்கு வந்து அங்கிருந்து என்னைப் பார்த்தது. சிவப்பு கழுத்தெல்லாம் வழிந்திருந்தது. பிரஷ்ஷின் மயிர்கள் கழன்று ஈரத்தில் ஒட்டிக்கொண்டன. பயத்தில் நான் உதறிய உதறலில் செம்புக் கம்பியோடு கையும் கழன்றது. நான் அழவில்லை. அழக்கூட வரவில்லை. ஒரு உயிரைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

கொன்றால் புதைக்க வேண்டும். காலிப் பெருங்காய டப்பா ஒன்று கிடைத்தது. என் பழைய பாவாடையில் ஒரு சிவப்புத் துண்டைக் கிழித்து ராணியைச் சுற்றி, அவள் கையையும் கம்பியையும் உதிர்ந்த மயிரையும் கூடவே வைத்து மூடினேன். முற்றம் முழுக்க சிமெண்ட். மண் இருந்தது ஒரே இடத்தில்தான், பக்கத்து வீட்டுச் சேச்சியின் வாசற்படியை ஒட்டியிருந்த கறிவேப்பிலைச் செடியடியில். சேச்சி தினமும் தண்ணீர் விடுவதால் மண் பொதுபொதுவென்று இருந்தது. கையாலேயே தோண்டிவிட்டேன்.

சாயந்தரம் அத்தை வந்து தேடினாள். எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று முடிவானது. அப்பா பொறி வைத்தார், மறுநாளே ஓர் எலி மாட்டியது. ஒரு பாவமும் அறியாத எலி. ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்து என்னையே பார்த்தது. நான் அதன் கண்ணைப் பார்க்கவில்லை.

சேச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையாளத்துக்காரி, வைப்பினில் பிறந்தவள், எப்போதும் சிரித்த முகம். அத்தைக்கும் அவளுக்கும் அவ்வளவு ஒட்டுதல். “அக்கா, சாயா குடிச்சோ?” என்று கேட்டுக்கொண்டே எங்கள் வீட்டுக்குள் வந்துவிடுவாள், சாத்தியிருக்கிற நாள்கள் தவிர. சேச்சிக்கு அப்போது ஏழாம் மாதம். அதற்கு முன் இரண்டு தரம் வயிற்றில் தங்காமல் போயிருந்தது. இந்தத் தடவையாவது நல்லபடியாகக் கையில் வரவேண்டும் என்று முற்றத்தில் எல்லாரும் வேண்டிக்கொண்டிருந்தார்கள். அத்தைதான் எல்லாரையும்விட அதிகம். சேச்சியின் வீங்கின காலை மடியில் வைத்து நகம் வெட்டிவிடுவாள். அப்படியே வயிற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மழைக்காலம் வருவதற்குள் தண்ணீர் போக ஒரு சால் வெட்டிவிடலாம் என்று சேச்சியின் வீட்டுக்காரர், நான் சேட்டன் என்று கூப்பிடுகிறவர், மண்வெட்டியோடு வாசலில் இறங்கினார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையைப் பள்ளிக்கூடத்தில் பழமொழியாக எழுதுவார்கள். நான் கண்ணால் பார்த்தேன். மூன்றாவது வெட்டில் டங்கென்று சத்தம். சேட்டன் குனிந்து டப்பாவை எடுத்தார், திறந்தார், துணியைப் பிரித்தார். அடுத்த நொடி “அம்மே!” என்று அலறிக்கொண்டு டப்பாவைக் கீழே போட்டார். அவ்வளவு பெரிய ஆள் அப்படிக் கத்தி நான் கேட்டதேயில்லை.

எல்லா வீட்டிலிருந்தும் ஓடிவந்தார்கள். சிமெண்ட் தரையில் முகமில்லாத ஒரு சின்னப் பெண், கழுத்தெல்லாம் ரத்தம், தாடையில் கண், சிவப்புத் துணி, செம்புக் கம்பி, மயிர். கடைசி வீட்டுக்காரி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, “தொடல்லே! கூடோத்ரமா இது, கூடோத்ரம்!” என்றாள். கூடோத்ரம் என்றால் செய்வினை. வேண்டாதவர்கள் வீட்டுவாசலில் தகடும் முடியும் பாவையும் புதைத்து வைப்பது. ஒரு மந்திரவாதி உட்கார்ந்து யோசித்திருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாகச் சாமான் சேர்த்திருக்க மாட்டான்.

சேச்சி படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் பொட்டு ரத்தமில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு, “என்றெ குஞ்ஞு... என்றெ குஞ்ஞு...” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். போன இரண்டு குழந்தைகளும் ஏன் போயின என்பதற்கு அவளுக்கு அப்போதுதான் காரணம் கிடைத்திருக்க வேண்டும். நான் அம்மாவின் முந்தானைக்குள் நின்றேன். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி, வாயைத் திறந்து கத்தவும் முடியாது.

அத்தை வெளியே வந்தாள். எட்டிப் பார்த்தவள், “அட, இது என்னோடதாச்சே!” என்றாள். சந்தோஷமாகவே சொன்னாள். தொலைந்த சாமான் கிடைத்த சந்தோஷம். முற்றம் மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது.

“ஐயோ, பயப்படாதீங்க, பொம்மை. விளையாட்டுப் பொம்மை. நான் பெயிண்ட் அடிக்கிறேன்” என்று அத்தை படபடவென்று சொன்னாள். யாரும் அசையவில்லை. “அண்ணி, உள்ள பொம்மைத் தட்டு இருக்குல்ல, அதைக் கொண்டு வாங்க, காட்டிடுவோம்.” அம்மாவும் யோசிக்காமல் உள்ளே போய்த் தட்டை எடுத்துவந்து முற்றத்தின் நடுவில் வைத்தாள். முப்பது எலும்புக்கூடுகள், கையில் வாளோடு, அத்தை வைத்த கண்ணோடு, சேச்சியின் வாசலைப் பார்த்து நின்றன.

இரண்டடி பின்னால் போகாதவர்கள் யாருமில்லை. கடைசி வீட்டுக்காரி தன் பேரனின் கண்ணைப் பொத்தினாள். யாரோ, “வெறுதேயல்ல கதகு எப்போழும் அடச்சிடுந்நது” என்றார்கள். அதனால்தான் எந்நேரமும் கதவைச் சாத்துகிறார்கள் என்று. அம்மாவுக்கு அப்போதுதான் தான் செய்தது உறைத்தது. தட்டைத் திரும்ப எடுக்கவும் தோன்றாமல் கையைப் பிசைந்தாள்.

சேட்டன் கொஞ்சம் தெளிந்த ஆள். ஒரு எலும்புக்கூட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அடியில் நெயில் பாலிஷ் மூடி இருந்ததைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இது களிப்பாட்டமாடி, பொம்மை!” என்று சேச்சியிடம் காட்டினார். எனக்கு மூச்சு வந்தது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் சேச்சி சிரிக்கவில்லை. அத்தையை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

“பொம்மையாணெங்கில் என்றெ வாதில்க்கல் ஆரா குழிச்சிட்டே? அக்கா பறயூ. ஆரா கண்ணு வச்சது?”

பொம்மையென்றால் என் வாசலில் யார் புதைத்தது, கண் வைத்தது யார். இப்போது எழுதும்போது எனக்கு இது புரிகிறது. அன்றைக்கு எனக்குக் கேட்டது கடைசிக் கேள்வி மட்டும்தான். நான் ராணிக்குக் கண் வைத்தது சேச்சிக்கு எப்படித் தெரிந்தது? அத்தை சும்மாவா சொன்னாள், கண் மட்டும் தொடாதே என்று! இவ்வளவு கூட்டமும் நான் வைத்த அந்தக் கோணல் கண்ணுக்காகத்தான் கூடியிருக்கிறது என்றே நினைத்தேன்.

அத்தை குனிந்து ராணியைக் கையில் எடுத்தாள். தாடையில் வழிந்திருந்த கண்ணைப் பார்த்தாள். கடுகு பருமன் புள்ளி. அத்தையின் கை அவ்வளவு பெரிய புள்ளி வைக்காது. மோந்து பார்த்தாள், ரிமூவர் வாசனை இருந்திருக்கும். சுற்றியிருந்த துணியைப் பார்த்தாள், அது என் பாவாடை. பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையாட்டினேனா, காப்பாற்று என்று ஆட்டினேனா, தெரியாது. தலை ஆடியது மட்டும் உண்மை.

“நான்தான்” என்றாள் அத்தை. “நான்தான் வெச்சேன்.”

நான் அதிர்ந்துபோனேன். எனக்காக ஒரு பெரியவர் பொய் சொல்வார் என்பது எனக்குத் தெரியாது. முற்றமும் அதிர்ந்துதான் நின்றது, ஆனால் வேறு எதற்கோ. “பெயிண்ட் கெட்டுப்போச்சு, குப்பையில போட மனசு வரல, மண்ணு இளக்கமா இருந்துச்சு...” என்று அத்தை சொல்லிக்கொண்டே போனாள். எதுவும் யார் காதிலும் ஏறவில்லை. கடைசி வீட்டுக்காரி பக்கத்தில் நின்றவளிடம் குசுகுசுவென்று சொன்னது மட்டும் எல்லாருக்கும் கேட்டது.

“பெறாத்த பெண்ணின்றெ கண்ணா. பின்னெ பறயணோ?”

பெறாதவளின் கண், வேறென்ன சொல்ல. அத்தை அந்த வார்த்தையைக் கேட்டாள். சேச்சியும் கேட்டாள். தோளில் கிடந்த துண்டை எடுத்து வயிற்றை மூடிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அத்தை பார்க்காமல் இருக்கத்தான் மூடினாள். எனக்கு அதெல்லாம் எங்கே தெரிந்தது? குளிருது போல என்று நினைத்தேன். மத்தியானமே சேட்டன் அவளை ஆட்டோவில் ஏற்றி, ஆளையும் வண்டியையும் அக்கரைக்குக் கொண்டுபோகிற ஜங்காரில் வைப்பினுக்கு, அவள் தாய்வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டார்.

அத்தை என்னை அடிக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. எதுவும் கேட்கவுமில்லை. தப்பித்தேனடா சாமி என்று நான் மறுநாளே பாண்டி விளையாடப் போய்விட்டேன். இப்போது யாராவது என்னைப் போட்டு அடித்தால் தேவலை என்றிருக்கிறது.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பெண் குழந்தை. சேச்சி திரும்பி வந்து, இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டும் சடங்குக்கு நான்கு வீட்டுக்கும் அழைப்பு. சேட்டன்தான் எங்கள் வாசலில் வந்து நின்று, “எல்லாரும் வரணும்” என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தி, “அக்காவுக்கு புத்திமுட்டாணெங்கில் வரண்டா, கேட்டோ” என்றார். அக்காவுக்குச் சிரமமென்றால் வர வேண்டாம் என்று. எவ்வளவு நல்ல மனுஷர், அத்தையின் சிரமத்தைக்கூட நினைக்கிறாரே என்று எனக்குத் தோன்றியது. அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள். உள்ளே அத்தைக்கு இரண்டும் கேட்டிருக்கும். எங்கள் வீடு அவ்வளவு சின்னது.

நான் பாயசம் இரண்டு தரம் குடித்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தேன். அத்தை ஜன்னலருகே உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தாள். காப்பிக்கடைக்காரர் புதிதாக அனுப்பிய ராணி, அதே விளக்கு, அதே அங்கி. முகத்தை நிமிர்த்தாமலே கேட்டாள்.

“பாப்பா எப்படி இருக்கு?”

“கொழுகொழுன்னு இருக்கு. என் விரலைப் பிடிச்சுக்கிச்சு, விடவே இல்ல.”

“நகம்?”

“அரிசி நொய் மாதிரி, இத்தனூண்டு.”

அத்தை கொஞ்சம் சிரித்தாள். பிரஷ்ஷைத் தொட்டு எடுத்தாள். எனக்கு இன்னும் சொல்ல நிறைய இருந்தது. பெரிய கண், இமையெல்லாம் மை, கன்னத்தில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு கறுப்புப் பொட்டு. அழகான குழந்தைக்கு எதுக்கு அவ்வளவு பெரிய பொட்டு என்று நான் சேச்சியிடமே கேட்டிருந்தேன். கண்ணு படாமல் இருக்க என்று அவள் சொல்லியிருந்தாள். அதையும் அத்தையிடம் சொன்னேன். சொல்லிவிட்டுக் கேட்டேன்.

“யார் கண்ணு அத்தை?”

“பேசாத” என்றாள் அத்தை. “கண்ணு வெச்சிட்டிருக்கேன்.”

நான் வழக்கம்போல மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பிரஷ் ராணியின் முகத்துக்குப் போனது. அத்தைக்குக் கை தவறி நான் பார்த்தது அன்றைக்குத்தான். புள்ளி கண்ணில் விழாமல் கன்னத்தில் விழுந்து இழுத்துக்கொண்டது. அவள் அதைத் துடைக்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அத்தைக்கே கோணுகிறது, எனக்குக் கோணினதில் என்ன அதிசயம் என்று எனக்கு மனசு நிம்மதியாக இருந்தது.